சரிவில் நின்ற மோட்டார்

பீளமேடு,
தாது வருடம் ஆவணி 14

மாமாவுக்கு, சாந்தாமணி வணக்கத்துடன் எழுதுவது.

நானும் நம் குழந்தையும் உடம்புக்குச் சுகம். உங்கள் கார்டு செவ்வாய்க்கிழமை வந்தது. கொழும்பில் பஷீர் அண்ணன் கடையில் இருக்கிறீர்கள் என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விட்டேன். விலாசத்தை மனப்பாடம் செய்துகொண்டு கார்டை அடுப்பில் போட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தையும் நம் ஊரில் போடாமல் கோயமுத்தூர் ரயிலடிக்குப் போய்ப் போடப்போகிறேன். தபால்காரர் நல்லவர்தான். ஆனாலும் இப்போது யாரைப் பார்த்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த மாட்டுவண்டிக்காரர் சாகவில்லை. ஆள் போய்விட்டான் என்று யாரோ கத்தியதைக் கேட்டு ஓடியதாக எழுதியிருந்தீர்கள். அவர் பெயர் ராமுலு. பண்ணாரிச் சரிவில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது நீங்கள் நிறுத்திவிட்டுப் போன நம் மோட்டார் உருண்டுவந்து மோதி, இடது கால் நசுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பிறகு பத்து நாள் காய்ச்சல். அவர் பிழைப்பாரா என்று டாக்டருக்கே தெரியவில்லை. முந்தாநாள்தான் காய்ச்சல் விட்டது.

இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை வந்தார். நீங்கள் எங்கே என்று கேட்டதற்குத் தெரியாது என்றேன். அப்போது உண்மையில் தெரியாது. இனி வந்து கேட்டால் என்ன சொல்வேனோ. வண்டியைச் சரிவில் ஏன் நிறுத்தினார் என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். ஆறு வாரமாக செல்ஃப் ஸ்டார்ட்டர் எடுக்கவில்லை, ஹாண்டில் போட்டுச் சுற்றினால் எதிர்த்து உதைத்துக் கையை முறித்துவிடும், அதனால் சரிவில் நிறுத்தி உருட்டிக் கிளப்புவார் என்றேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நான் சொன்னது உங்களுக்கு நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

மறுநாள் வண்டியை நம் வாசலுக்குக் கொண்டுவந்து, மோட்டார் ஷெட் சிக்கந்தர் மேஸ்திரியை வைத்துத் திறந்து பார்த்தார்கள். பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் நின்றார். நான் கதவோரம் நின்று பார்த்தேன். மேஸ்திரி முன்விளக்கைப் போட்டுவிட்டு ஸ்டார்ட்டரை மிதித்தார். விளக்கு கொஞ்சமும் மங்கவில்லை, ஸ்டார்ட்டரும் சத்தம் காட்டவில்லை. "வெளக்கு மங்கியிருந்தா பாட்டரி மேல சந்தேகப்படலாமுங்க. பாட்டரி நல்லாத்தான் இருக்குது. கரண்டு ஸ்டார்ட்டருக்குள்ள போகலைங்க" என்று கான்ஸ்டபிளிடம் சொன்னார். கம்பி முனைகளைச் சுரண்டி இறுக்கிப் பார்த்தும் எடுக்கவில்லை. பிறகு பாட்டரிக் கம்பியை விலக்கிவிட்டு ஸ்டார்ட்டரைக் கழற்றினார்.

உள்ளே சுழலுகிற செம்பு உருளையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய கரித்துண்டுகள் தேய்ந்து நகத்தளவுதான் இருந்தன. அவற்றை அழுத்துகிற ஸ்பிரிங் எட்டவில்லை. செம்பு கன்னங்கரேலென்று இருந்தது. நைசான உப்புத்தாளால் தேய்த்துத் தூசியை ஊதிவிட்டுப் புதுக் கரி போட்டார். பல்சக்கரம் ஓடும் மரையில் கிரீசும் புழுதியும் சேர்ந்து களியாக இருந்ததைக் காட்டி, "இங்க கிரீஸ் வெக்கவே கூடாதுங்க" என்றார். வைத்தது நீங்கள்தான். சீமெண்ணெயில் கழுவித் துடைத்து மாட்டினார்.

ஒரே மிதி. வண்டி கிளம்பிவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டேன். "அரை நாள் வேலைங்க அம்மணி, முந்தியே கொண்டாந்திருக்கலாமுங்க" என்று மேஸ்திரி வெளியிலிருந்து சொன்னார். அவருக்கு என்ன தெரியும். ஆடி மாதம் கோயில் சவாரி நிறைய வரும், முடியட்டும், அப்புறம் ஷெட்டில் விடலாம் என்று உங்களைத் தடுத்தவள் நான்தானே.

நேற்றுக் கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். விரட்டிவிடுவார்கள் என்று வாசலிலேயே வெகுநேரம் நின்றேன். ராமுலுவின் சம்சாரம் பங்காரம்மா என்னை யாரென்று கேட்டாள். சொன்னேன். அவள் கஞ்சியை வாங்கவில்லை. என்னை வெளியே போகச் சொல்லவும் இல்லை. ஸ்டார்ட்டரைப் பழுது பார்க்க விடாமல் நிறுத்தியது நான் என்று இருவரிடமும் சொல்லிவிட்டேன். ராமுலு கண்ணை மூடிக்கொண்டபடியே, "அதெல்லாம் எனக்கெதுக்கும்மா. எறங்கிப் போறப்ப சக்கரத்துக்குக் கல்லு வெச்சாரா, இல்லையா? அதை அவரே வந்து சொல்லட்டும்" என்றார்.

மாமா, இன்ஸ்பெக்டர் கேட்பதும் அதையேதான். சாலையோரம் ஒரு கல் கிடந்தது என்று அன்று நம் வண்டியில் வந்த காங்கேயத்துச் சவாரிக்காரர்கள் சொல்கிறார்கள். அது சக்கரத்துக்கு வைத்த கல்லா, சும்மா கிடந்த கல்லா என்று யாருக்கும் தெரியவில்லை. உங்களுக்கு மட்டும்தான் தெரியும். பதிலை எனக்கு எழுத வேண்டாம். காகிதத்தில் படிக்க எனக்குத் தைரியமில்லை.

வக்கீலைப் பார்த்தேன். நீங்களாக வந்து ஆஜரானால் ஜாமீனில் விட வழி உண்டு, பிடித்துக்கொண்டு வந்தால் கஷ்டம் என்கிறார். வாரண்டு வாங்கப்போவதாகவும் பேச்சு. வந்தால் என்ன ஆகுமோ என்று பயம். வராவிட்டால் நினைக்கவே பயம்.

தனுஷ்கோடி வந்து ரயில் ஏறுங்கள். எந்த நாள் என்று மட்டும் எழுதுங்கள். நான் குழந்தையோடு கோயமுத்தூர் ஸ்டேஷனில் நிற்பேன். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போவோம், அப்புறம்தான் வீடு. என்ன சொல்ல வேண்டியிருந்தாலும் நான் பக்கத்தில் நிற்கிறேன்.

மருதமலை ஆண்டவர் உங்களைக் கடல் தாண்டிப் பத்திரமாகக் கொண்டுவரட்டும்.

உங்கள்
சாந்தாமணி