மூன்று தடவை பிரித்த பேன்ட்

டீச்சரம்மா,

எழுப்பி உன் முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருக்கிறது. கடை திறக்கப் போகிறேன். குழாய் ரிப்பேர்காரர் பத்து மணிக்கு வருவார். பின்கதவுச் சாவி ஃப்ரிட்ஜ் மேல்.

நாற்காலியில் என் சாம்பல் பேன்ட் இருக்கிறது. இடுப்புப் பட்டியை உள்பக்கம் திருப்பிப் பார். தையல் பிரித்த தடம் மூன்று வரிசை தெரியும். நாம் சேர்ந்து உடம்பைக் குறைக்க ஆரம்பித்த பிறகு, கடைத் தையல் மெஷினில் நானே மூன்று தடவை இடுப்பைப் பெரிதாக்கினேன். எடை மெஷின் எதற்கு, பேன்ட்டே சொல்லும் என்று பெருமை பேசியவனும் நான்தான். மத்தியானம் பேக்கரி பக்கம் போகாத நாளில்லை.

நேற்று நீ, "உங்களுக்கு மட்டும் பேன்ட் லூசாகுது, எனக்கு ஒண்ணும் குறையலையே" என்றாய். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "வாயைக் கட்டணும், அது உன்னால முடியாது" என்றேன். நீ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாய். அதில் இருந்தது நாலு துண்டு வெள்ளரிக்காய். நான் மத்தியானம் தின்றது மூன்று வெண்ணெய் பன்.

சூப் அடுப்பில் இருக்கிறது. சூடு பண்ணிக் குடி. கோபத்தில் பட்டினி கிடக்காதே.

உள்ளே விட்டிருந்த துணியும் தீர்ந்துவிட்டது, இனிப் பிரிக்க இடமில்லை. அதனால்தான் சொல்கிறேன் என்று நினைப்பாய். பாதி அதுதான்.

பி.கு.: அளவு டேப்பைப் பேன்ட் மேலேயே வைத்திருக்கிறேன். சாயந்திரம் நீயே அளந்து பார். வயிற்றை உள்ளே இழுக்க மாட்டேன்.