இரண்டாவது சாவி

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் தம்பி வந்திருந்தார். நீங்கள் இப்போது இருக்கும் அவள் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த உங்கள் மோட்டார் சைக்கிள் களவு போய்விட்டதாம். இரண்டு சாவியையும் ஒப்படைத்தால்தான் இன்சூரன்ஸ் பணம் கிடைக்குமாம்.

"அண்ணி, அந்த இன்னொரு சாவியக் குடுத்துடுங்க. வண்டி இல்லேன்னா அண்ணனுக்கு வேலையே போயிடும்" என்று கெஞ்சினார். பாவம், காபி கொடுத்து அனுப்பினேன்.

நீங்கள் வீட்டைவிட்டுப் போன பிறகும் அந்த இன்சூரன்சைத் தவறாமல் கட்டி வந்தவள் நான். கணக்கில் என்றைக்கும் பிசகு வந்ததில்லை.

சாவி தொலைந்துவிட்டது என்று எழுதிவிடலாம். கடவுளைக் கும்பிடும் கையால் பொய் எழுத வரவில்லை. சாவியை என் அண்ணனிடம் நான்தான் கொடுத்தேன். விடிவதற்குள் அவர் வண்டியை ஓட்டிப் போய்க் கல்குவாரித் தண்ணீரில் தள்ளிவிட்டார். சாவி அதிலேயே இருக்கிறது.

சக்கரத்துக்கு ஒரு பூட்டு வாங்குங்கள் என்று எத்தனை முறை சொன்னேன். "உன்ன மாதிரி எல்லாத்தையும் பூட்டி வெச்சுக்கிட்டா மனுஷன் வாழ முடியுமாடி?" என்றீர்கள். வாங்கியிருந்தால் அண்ணன் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்.

இதைப் போலீசிடம் காட்டுவதானாலும் காட்டுங்கள். நடந்து போகிற தூரத்தில் உங்களுக்கு ஒரு வேலை கிடைக்கத் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

இன்னமும்,
உங்கள் மனைவி