திருப்பி அனுப்பிய வண்டி

ஓசூர்
18.2.2007

சென்னகிருஷ்ணனுக்கு,

மாற்றலாகிப் போன புனேயில் நீயும் உன் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே குளிர் விட்டுவிட்டது. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தொலைபேசியில் பேசினால் நீ என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய். கல்லூரி நாளிலிருந்து அதுதான் நடக்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

டிசம்பர் இருபத்து நான்காம் தேதி நடந்ததை உன் விசாரணை அறிக்கை நான்கு வரிகளில் முடித்துவிட்டது. 'மாற்று வாகன ஓட்டுநர் முனிராஜ் அனுமதியின்றி இடத்தைவிட்டு அகன்றார்' என்பது மூன்றாவது வரி. அதன் கீழே சாட்சியாக என் கையெழுத்து இருக்கிறது. எம்.எஸ்சி. என்று பட்டத்தையும் சேர்த்துப் போட்ட கையெழுத்து.

நீ அறிந்ததையே எழுதுகிறேன், வேறெங்கும் அது எழுத்தில் இல்லை என்பதால். மார்கழிதோறும் நம் தொழிற்சாலை நடைக்குழு தேன்கனிக்கோட்டைக்கு அப்பாலுள்ள மலைக்காட்டுக்குப் போகும். திரும்பி வர மாலையில் ஒரே ஒரு பேருந்து. பனி மூடினால் அதுவும் வராது. செல்போன் எடுக்காது. அடிவாரத்து டீக்கடையில் காசு போட்டுப் பேசும் காயின் பாக்ஸ் தொலைபேசி ஒன்று உண்டு. பொழுது சாய்ந்தால் கடையைப் பூட்டிவிடுவார்கள். அதனால்தான் அங்கே ஒரு வேனை மாற்று வண்டியாக நிறுத்தும் வழக்கத்தை நான் கொண்டுவந்தேன். தொழிற்சாலையில் பழுது பார்க்க எந்திரத்துக்குள் இறங்குகிறவர் தன் டோக்கனைச் சுவிட்சில் மாட்டிவிட்டு இறங்குவார். அவரே வந்து எடுக்கும்வரை எந்திரத்தை யாரும் ஓட்டக்கூடாது. அதே முறையை வேனுக்கும் வைத்தேன். மலையேறுகிற ஒவ்வொருவரும் தன் டோக்கனை ஓட்டுநரிடம் கொடுக்க வேண்டும். கடைசி டோக்கன் உரியவர் கைக்குத் திரும்பும்வரை வண்டி நகரக்கூடாது. இதற்காக நிர்வாகம் எனக்குச் சான்றிதழ்கூடக் கொடுத்தது. மேடையில் நீதான் அதை வழங்கினாய்.

அன்று ஆறு பேர் ஏறினார்கள். நான் முழங்காலைக் காரணம் காட்டி அடிவாரத்தில் முனிராஜுடன் தங்கிவிட்டேன். மூன்று மணிக்கு டீக்கடைத் தொலைபேசியில் நீ கூப்பிட்டாய். உன் மைத்துனர் இருமுடி கட்டுகிறார், சாமிமாரை ரயிலடியில் கொண்டுபோய் விட வேண்டிய வண்டி வரவில்லை, ஐயப்பன் சீசனில் ஓசூர் முழுக்கத் தேடினாலும் வேன் கிடைக்காது என்றாய். "பசங்க பஸ்ல வந்துடுவாங்கப்பா. நீயும் அப்படியே வண்டில ஏறி வா, சாப்பிட்டுப் போ" என்றும் சொன்னாய். நான் மறுக்கவில்லை. என் பதவி உயர்வுக் கோப்பு ஜனவரியில் உன் மேசைக்கு வர இருந்தது. அதை நீ வாய்விட்டுச் சொல்லவில்லை. நானே நினைத்துக்கொண்டேன்.

மறுத்தவர் முனிராஜ். "மேல போனவங்க இன்னும் எறங்கலியே சார். டோக்கன் எங்கிட்ட இருக்கற வரைக்கும் சாவியத் தொடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டார். நான் கையை நீட்டி ஆறு டோக்கன்களையும் வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "இப்ப உங்கிட்ட ஒண்ணும் இல்லையே, எடு வண்டிய" என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்காமல் வண்டியை எடுத்தார்.

உன் மைத்துனர் வீட்டுப் பந்தியில் நான் இரண்டாம் முறை பாயசம் வாங்கிக்கொண்டிருந்த வேளையில், மலையேறிய அறுவரில் ஒருவரான எந்திர ஓட்டுநர் கருப்பசாமியை மற்ற ஐவரும் போர்வையில் கிடத்தித் தூக்கி வந்திருக்கிறார்கள். பனியில் நனைந்த பாறை வழுக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோலைக் கிழித்திருந்தது. பேருந்து வரவில்லை. கடை பூட்டியிருந்தது. வேன் நிற்க வேண்டிய இடத்தில் சக்கரத் தடம் மட்டும் இருந்தது. விடிந்து பால் வண்டி வரும்வரை அவர் அந்தக் குளிரில் திறந்த காயத்தோடு கிடந்தார். காயம் சீழ் வைத்து, மூன்று முறை அறுவை செய்து, இன்று ஊன்றுகோலுடன் தொழிற்சாலை ஸ்டோரில் உட்கார்ந்திருக்கிறார். இனி எந்திரத்தின் முன் நிற்க முடியாது.

வண்டியை ஏன் எடுத்தாய் என்று விசாரணையில் நீ முனிராஜைக் கேட்டாய். அவர் என்னைப் பார்த்து, "சாரையே கேளுங்க" என்றார். எடுக்கச் சொன்னதாக எனக்கு நினைவில்லை என்றேன். அதன்பின் அவர் வாயே திறக்கவில்லை. தன் சொந்த வேனில் ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் அவருடைய ஒப்பந்தம் அன்றே ரத்தானது. குடித்துவிட்டு ஓடிப்போனவர் என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். நான் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை சூளகிரியில் பேருந்துக்குக் காத்திருந்தேன். தக்காளி ஏற்றிய வண்டி ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் முனிராஜ். இப்போது வேறொருவர் வண்டியில் கூலிக்கு ஓட்டுகிறார். "பஸ்ஸு லேட்டாகும் சார், முட்டி வலியோட எதுக்கு நிக்கறீங்க, ஏறிக்கங்க" என்றார். ஏறினேன். "கருப்பசாமி அண்ணன் கால ஊணி நடக்கறாரா சார்? என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கறாரு, கேக்க முடியல" என்றார். நடக்கிறார் என்றேன். ஓசூரில் என் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை கருப்பசாமி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மனைவி பொற்கொடி கொண்டுவந்த தண்ணீரைக் கொடுக்காமல் திருப்பி எடுத்துப் போனார். கருப்பசாமி காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "எங்கிட்ட வந்து சொல்லிட்டீக. முனிராஜ் வீட்டுல போயிச் சொன்னீகளா?" என்று கேட்டார். சொல்லவில்லை. அந்த எண்ணமே எனக்கு வந்திருக்கவில்லை.

நிர்வாகத்துக்கு நான் தரப்போகும் வாக்குமூலத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் பெயரும் அதில் உண்டு. நண்பன் என்பதற்காக ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. கோபத்தால் ஒரு சொல்லையும் கூட்டவில்லை. பிப்ரவரி இருபத்தாறு, திங்கட்கிழமை காலை அதை ஒப்படைப்பேன். வேலை போனால் போகட்டும்.

அதற்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை, பேரிகையில் முனிராஜ் வீட்டுக்குப் போகிறேன். அவருடைய மனைவியும் பெற்றோரும் இருக்கும்போது சொல்லப்போகிறேன். உனக்கு விமானம் இருக்கிறது, கார் இருக்கிறது, விடுப்பும் இருக்கிறது. நீ வர வேண்டும். உன்னிடம் இதுவரை நான் எதையும் வற்புறுத்திக் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன். பத்து மணிவரை பேரிகைப் பேருந்து நிறுத்தத்தில் உனக்காக நிற்பேன்.

உன் பிள்ளைகள் நீண்ட நாள் சுகமாக வாழட்டும். எந்தக் காட்டிலும் எந்தக் குளிரிலும், அவர்கள் நம்பி இறங்கி வரும் இடத்தில் அவர்களுக்காக ஒருவர் நின்றுகொண்டிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆஞ்சப்பன்