லோரீனின் கையளவு

வடக்கு டகோட்டா

அன்புள்ள லோரீனுக்கு,

நான் சுகம். இந்த வைத்தியத்துக்கு நடுவில் உனக்குச் சாப்பாடு இறங்குகிறதா?

ஞாயிறன்று எண்ணெய்க் கிணற்றுப் பையன்களோடு குறி சுடப் போனேன். நம் சின்னத் துப்பாக்கியைப் பார்த்து, "பெருசு, கொசு அடிக்கவா?" என்றான் டஸ்டின். "நீ முதல்ல உன் பெரிய துப்பாக்கி உதைச்ச தோளைத் தேய்ச்சு விட்டுக்கோடா" என்றேன். உதைக்காமல், காதை அடைக்காமல், கைக்குப் பொருந்தி நிற்கும் துப்பாக்கியில் சுடுவதுதான் சந்தோஷம். தகர டப்பா துள்ளி விழுந்தது. பக்கத்தில் நின்று சிரிக்க நீ இல்லை.

"இனி அந்தத் துப்பாக்கியை என்னால் தூக்க முடியாது, டுவேனுக்குக் கொடுத்துவிடு" என்று எழுதியிருக்கிறாய். உன் தம்பிக்கெல்லாம் கொடுக்க மாட்டேன். அதன் மரக் கட்டையைச் செதுக்கி, எடையைக் குறைத்து, உன் பிடிக்கு ஏற்றதாக்குகிறேன். உன் கையைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு அனுப்பு. விரல்கள் மெலிந்திருந்தால் அப்படியே இருக்கட்டும். எனக்காகப் பெரிதாக வரையாதே.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன்
வெர்ஜில்