காட்டு மண்ணில் நான் கலந்த போர்வெல் தண்ணீர்

கோகிலா, என் கண்ணு,

நீ போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. மூன்றே நாள் காய்ச்சல் என்றார்கள், என் மனசு இன்னும் ஒப்பவில்லை. நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை இவ்வளவு தாமதமாக எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் கண்ணாடியைப் பிடுங்கி விளையாடினாளே என் மகள், அவளுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. கூடவே இளைப்பும் வந்துவிட்டது. செங்கல் சூளை மூட்டும் நாட்களில், ரோட்டு வேலைத் தூசி பறக்கும் நாட்களில், அவள் நெஞ்சில் காது வைத்தால் விசில் மாதிரி ஒரு சத்தம். "புகை ஒத்துக்கலைங்க, ஜன்னல சாத்தி வைங்க" என்கிறார் டாக்டர். சாத்திவிட்டு உட்கார்ந்தால் நம் போதமலைதான் நினைவுக்கு வருகிறது. இதே காற்றுதானே அங்கேயும் போகிறது?

எம்.எஸ்ஸி. கடைசி வருடம் பிராஜெக்டுக்காக அந்த மலை முழுக்க நம்முடையது மாதிரி அல்லவா திரிந்தோம்! வனத்துறை அனுமதிக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு, வெண்ணந்தூரில் உன் வீட்டிலிருந்து விடியும் முன்னே கிளம்புவோம். மண் தோண்டும் கொத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நீ முன்னால். மண் கவர்களைச் சுமந்தபடி நான் பின்னால். "ஏன்டி சுகு, இப்பவே இப்புடி மூச்சு வாங்கற? கல்யாணத்தன்னைக்கு உன்ன மேடைக்குத் தூக்கிட்டுத்தான் போவோணும்" என்பாய்.

ஒவ்வொரு மரத்தடியிலும் சருகை ஒதுக்கி, கீழே கறுத்துக் கிடக்கும் இலைமக்கில் உள்ளங்கையை அழுத்துவாய். "கை வெச்சுப் பாரு புள்ள, மெத்தையாட்டம் இருக்குது." பிறகு தோண்டுவாய். கவரின் மேல் உன் உருண்டைக் கையெழுத்தில் எந்த மரம், எந்தப் பாறைக்குக் கிழக்கே, எத்தனை எட்டு தூரம் என்று எல்லாம் எழுதுவாய். எனக்கு அப்போது பசி மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

நாம் தேடியது என்ன? வண்டிப் புகையும் சூளைப் புகையும் மழையில் கரைந்து, அமிலப் புளிப்பாக மண்ணில் இறங்குகிறதா என்று. மண் தன்னிடமுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொடுத்துக் கொடுத்து அந்தப் புளிப்பைத் தணிக்கும். கொடுக்க இல்லாமல் போகும்போது அடைந்து கிடந்த அலுமினியம் அவிழ்ந்து, வேர் நுனியைக் கருக்கத் தொடங்கும். மேலே மரம் பச்சையாகவே நிற்கும். இதை எனக்குப் புரிய வைத்ததே நீதான்.

மண்ணை அளக்க வேண்டிய வாரம் லேபில் காய்ச்சி வடித்த தண்ணீர் தீர்ந்துபோனது. மெஷின் பழுது. நீ வேறு பரீட்சைக்குப் போயிருந்தாய். எனக்கோ கல்யாணப் பத்திரிகை அடித்தாயிற்று, இன்னும் முப்பது கவர் மண் பாக்கி. எங்கள் மல்லசமுத்திரம் வீட்டுப் போர்வெல் தண்ணீரைக் கேனில் கொண்டுவந்து, அதில் மண்ணைக் கரைத்து அளந்துவிட்டேன். குடத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு உப்புப் படியும் தண்ணீர் அது. எந்தப் புளிப்பையும் அது மறைத்துவிடும் என்று தெரியாதவளா நான்? தெரிந்துதான் செய்தேன்.

நீ திரும்பி வந்து எண்களைப் பார்த்தாய். "புளிப்பே இல்லடி! நம்ம மலை கெட்டியா இருக்குது!" என்று லேபிலேயே ஒரு சுற்று ஆடினாய். நானும் சேர்ந்து சிரித்தேன். காடு நலமாக இருக்கிறது என்று கடைசிப் பக்கத்தை நீ எழுதினாய், அதை நம்பியபடியே போய்விட்டாய்.

போன மாதம் நம் கல்லூரியிலிருந்து நந்தினி என்றொரு பெண் போன் செய்தாள். அதே மலை மண்ணை இப்போது ஆராய்கிறாளாம். "மழை ஒரே நாள்ல கொட்டி இலைமக்க அடிச்சுட்டுப் போயிருதுங்க அக்கா. மிச்சமும் வெயில்ல சீக்கிரமே மக்கிப் போயிருது. நீங்க அளந்த எண்ணத்தான் ஒப்பிட்டுப் பாக்கப் பழைய அளவா வெக்கப்போறேன்" என்றாள். உண்மையைச் சொன்னேன். "அந்த மண்ணு மிச்சம் ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டாள்.

மிச்ச மண்ணை நீதானே வைத்திருந்தாய், உன் வீட்டுக்குப் போனேன். உன் படத்துக்குப் பக்கத்தில் நம் பிராஜெக்ட் புத்தகம், சந்தனப் பொட்டோடு. நான் செய்ததைச் சொன்னதும் உன் அம்மா தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"அவளுக்குத் தெரியுமா இது?"

"தெரியாதுங்கம்மா."

"அப்ப எம்புள்ள பொய் எழுதல."

"இல்லீங்கம்மா. நாந்தான்."

உன் அம்மா எழுந்தார்கள். "மண்ணையெல்லாம் மல்லிச் செடிக்குக் கொட்டிப்போட்டேன் சாமி. மூணு கவரு மட்டும் பீரோவுல கெடக்குது. அவ கையெழுத்து அதுல இருக்குதுல்ல, அதுக்காவ வெச்சிருக்கறேன்." எடுத்து வந்து என் மடியில் வைத்தார்கள். "மண்ண எடுத்துக்க. கவர எங்கிட்டயே குடுத்துப்போடு."

வழக்கமாக டீ குடிக்காமல் விடமாட்டார்கள். அன்று தறிச் சத்தம் மறுபடி கேட்கத் தொடங்கியதும் நானே எழுந்து வந்துவிட்டேன்.

நந்தினி முறைப்படி அளந்தாள். "இத்தன வருசம் வெச்சிருந்ததுல கொஞ்சம் மாறியிருக்கும். ஆனா உங்க எண்ணுக்கு இது தேவலைங்க அக்கா" என்றாள். வலித்தது, வாங்கிக்கொண்டேன். கோகிலா, அப்போதே புளிப்பு ஏறத் தொடங்கியிருந்தது. உன் குறிப்பைப் பிடித்துக்கொண்டு அதே மூன்று இடங்களில் அவள் எடுத்த புது மண் இன்னும் புளித்திருக்கிறது. முதலில் கண்டுபிடித்தவள் நீயாக இருந்திருப்பாய். அதை நான் கெடுத்தேன்.

தவறு என்னுடையது என்று கல்லூரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இடம் தேர்ந்தவள், தோண்டியவள் என்று உன் பெயர் மட்டும் அப்படியே இருக்கும். நீ குறித்த மிச்ச மரங்களையும் தேடி, அடுத்த மழை விட்டதும் நந்தினியோடு மலை ஏறுகிறேன். நல்ல சேதி கிடைக்காமல் போகலாம். என்ன கிடைக்கிறதோ அதை அப்படியே இறங்கி வந்து முதலில் உன் அம்மாவிடம் சொல்வேன், டீ கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும்.

உன்னைவிட மூன்று மாதம் மூத்த உன் தோழி,
சுகன்யா