பத்திரமாய் வைத்த வீடு

அரக்கோணம்
26-4-1942

அன்பும் பாசமும் மறவாத ஞானபாக்கியம் அக்காவுக்கு,

உங்கள் கன்னியம்மா எழுதுகிறேன். எல்லோரும் உயிரோடு வந்து சேர்ந்தோம். நீங்களும் தவசிமுத்து அண்ணனும் சுகமா?

ரயிலில் கால் வைக்க இடமில்லை. சின்னவனை ஜன்னல் வழியாக யாரிடமோ கொடுத்துவிட்டு நாங்கள் வாசல் வழியாக ஏறினோம். பேசின் பிரிட்ஜ் தாண்டித்தான் அவனைக் கண்டுபிடித்தோம். இங்கே நாத்தனார் வீட்டில் ஒரே அறையில் பதினோரு பேர். துறைமுகத்தில் மேஸ்திரியாக இருந்த என் வீட்டுக்காரர் இங்கே விமானம் இறங்கும் இடத்துக்கு மண் சுமக்கிறார். அதைப் பற்றி எழுதக்கூடாதாம். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

இராயபுரம் வீட்டை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். போன வருஷம் தரகர் அலி அக்பர் இரண்டாயிரத்து ஐந்நூறு தருவதாக வந்தபோது, “விக்கிற வூடு இல்ல நைனா” என்று இவர் அனுப்பிவிட்டார். இந்த மாதம் அறுநூறுக்குக் கொடுத்தோம். “ஜப்பான்காரன் வந்துகினு கீறான்” என்று நம் கல்மண்டபம் பேட்டையே மூட்டை கட்டியபோது, கையில் பணத்தோடு நின்றவர் அண்ணன் ஒருவர்தான். அவர் சொன்னதை நினைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறேன். “நீலமேகம், இது நான் வாங்குதது இல்ல. ஒனக்காகப் பத்திரமா வச்சிருக்கது. சண்ட முடிஞ்சு வா, இதே ரூவாயக் குடு, வீட்டத் திருப்பித் தாரேன்.” நீங்களும் பக்கத்தில் நின்றீர்கள் அல்லவா? அந்த வார்த்தையை நம்பித்தான் இவர் கையெழுத்துப் போட்டார். பணத்தை நாங்கள் தொடவில்லை. தொடவும் மாட்டோம்.

வாரம் ஒரு முறை பின்கட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள் அக்கா. இல்லாவிட்டால் செல்லரித்துவிடும்.

உங்கள் தங்கை
கன்னியம்மா


இராயபுரம்
9-6-1942

என் பிரியமுள்ள கன்னியம்மாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நாங்கள் சுகம். உன் கடிதம் கிடைத்ததும் போய் ஜன்னலைத் திறந்தேன். காற்று நன்றாக வருகிறது. உங்கள் அடுப்பில் பூனை குட்டி போட்டிருக்கிறது.

தெருவில் ஆளே இல்லை. மீன்காரியும் வருவதில்லை. விளக்கின் மேல் கறுப்புக் காகிதம் ஒட்டியிருப்பதால் பொழுது சாய்ந்தால் வீடு எது, சுவர் எது என்றே தெரியாது. ஆரம்பத்தில் பயமாக இருந்தது. அபாயச் சங்கு ஊதுவதைக் கேட்டுக் கேட்டு இப்போது ஒன்றும் தோன்றுவதில்லை.

உன் வீட்டுக்குப் பிறகு இவர் இன்னும் நான்கு வீடு வாங்கிவிட்டார். மளிகைக் கடைச் சரக்கை எல்லாம் விற்று அந்தப் பணத்தைப் போட்டார். “ஊரு அப்படியே போயிராது பாக்கியம், திரும்பி வரும்” என்கிறார். வந்தால் நல்லதுதானே, நீயும் வருவாய். உன் வீடு உன் வீடுதான். கவலைப்படாதே.

ஞானபாக்கியம்


இராயபுரம்
17-1-1943

பிரியமுள்ள கன்னியம்மாவுக்கு,

ஊர் திரும்பிவிட்டது. போனவர்கள் வந்தார்கள். அவர்களோடு புதியவர்களும் வந்திருக்கிறார்கள். பட்டாளத்துக்குச் சாமான் கொடுக்கிறவர்கள், கிடங்கு தேடும் மண்டிக்காரர்கள், துறைமுக வேலைக்கு வந்தவர்கள். தலை சாய்க்க ஓர் அறை கிடைக்காமல் கோவில் வாசலில் படுக்கிறார்கள். போன வருஷம் ஐந்து ரூபாய் வாடகைக்கு இருந்த அறை இப்போது பதினெட்டு. தரகர்கள் காலையிலேயே வந்து வாசலில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் வீட்டில் இவர் பலகை அடித்து நான்காகத் தடுத்து நான்கு குடும்பம் வைத்திருக்கிறார். ஒரே குழாய். விடிந்தால் சண்டை. “எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான்” என்கிறார். இவர் இப்போது கோட்டுப் போடுகிறார். கடைக்கு ஜட்கா வண்டியில்தான் போகிறார், நடந்தால் எட்டு நிமிஷ வழி. கோவில் ஆராதனையில் எங்களுக்கு முன்வரிசை கொடுத்திருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்தால் பின்னால் எல்லோரும் என் முதுகைப் பார்ப்பது போல் இருக்கிறது.

சீக்கிரம் வந்துவிடு. நீலமேகத்தைப் பணத்தோடு வரச் சொல்.

ஞானபாக்கியம்


அரக்கோணம்
21-3-1943

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சொன்னபடி என் வீட்டுக்காரர் போன வாரம் பட்டணம் வந்தார். வீட்டுக்கு வராமல் நேரே கடைக்கே போய்விட்டார். உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ.

அண்ணன் உட்காரவைத்துக் காப்பி வாங்கிக் கொடுத்தாராம். இவர் பணத்தை மேஜைமேல் வைத்தாராம். அண்ணன் அதை எண்ணவில்லை. “என்ன நீலமேகம், இன்னிக்கு வெலை நாலாயிரம் தெரியுமா?” என்றாராம். “நீதானே சொன்னே, திருப்பித் தரேன்னு?” என்று இவர் கேட்க, “அப்படியா? பத்திரத்துல எந்த எடத்துல எழுதியிருக்கு, காட்டு” என்றாராம். காப்பியைக் குடித்துவிட்டு இவர் வந்துவிட்டார். வந்து, “வூடு பூட்ச்சி” என்று ஒரு வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகு தட்டில் சோறு போட்டால் பாதியோடு எழுந்துவிடுகிறார்.

அண்ணன்மேல் கோபப்பட வேண்டும் என்று நினைக்கிறேன் அக்கா. கோபம் வரவில்லை. துணி துவைக்கிறேன், சமைக்கிறேன், பொழுது போகிறது.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு அண்ணன் அப்படிச் சொன்னாரா, இல்லையா? சில சமயம் நாங்களே நினைத்துக்கொண்டோமோ என்று இருக்கிறது.

கன்னியம்மா


இராயபுரம்
2-4-1943

கன்னியம்மாவுக்கு,

சொன்னார். என் காதால் கேட்டேன்.

நீலமேகம் வந்தது எனக்குத் தெரியாது. சாப்பிடும்போது கேட்டேன். “யாவாரத்துல பொம்பளைக்கு என்ன சோலி?” என்று கையைக் கழுவிவிட்டார். அந்த வீட்டை இடித்துக் கிடங்கு கட்டக் கிருஷ்ணப்பன் என்று ஒரு மண்டிக்காரர் கேட்கிறாராம். அலி அக்பர் அழைத்து வரப்போகிறார். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஞானபாக்கியம்


நாசரேத்
15-8-1943

என் அன்புள்ள கன்னியம்மாவுக்கு,

விலாசத்தைப் பார்த்து ஆச்சரியப்படுவாய். சொந்த ஊரில் என் தம்பி தேவப்பிரியம் வீட்டில் இருக்கிறேன். வந்து இரண்டு மாதம் ஆகிறது. முன்னமே எழுதியிருக்க வேண்டும். காகிதத்தை எடுத்து வைப்பேன், எழுத ஓடாது.

ஜூன் மாதம் அந்தக் கிருஷ்ணப்பன் முன்பணத்தோடு வந்தார். காப்பி கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோய் வைத்தேன். வைத்துவிட்டு உள்ளே போக வேண்டியவள், போகவில்லை. “ஐயா, இது நீலமேகம் மேஸ்திரி வீடு. அதே பணத்தக் குடுத்தா திருப்பித் தாரேன்னு சொல்லி வாங்கினது. அவுக பணத்தோட வந்தாக, இவுக குடுக்கல” என்றேன். என் குரல்தானா என்று இருந்தது.

அந்தப் பெரியவர் முன்பணத்தை மடியில் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். “பேச்சு உள்ள சொத்து நமக்கு வேணாம்பா” என்றார். அலி அக்பர் தலையில் கையை வைத்துக்கொண்டு, “இன்னாம்மா, முடியிற நேரத்துல இப்டி பேஜார் பண்ட்டியே” என்றார். இவர் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மறுவாரம் டிக்கெட் எடுத்து வந்தார். “இங்க குண்டு போடுவான், நீ ஊர்ல இரி” என்றார். எல்லோரும் பயந்து ஓடியபோது போகாத என்னை, எல்லோரும் திரும்பி வந்தபிறகு அனுப்பினார்.

வீட்டை வேறு ஒருவருக்கு இருநூறு குறைத்து விற்றுவிட்டாராம். முன்சுவரை இடித்தாயிற்று என்று பட்டணத்திலிருந்து வந்த ஒருவர் சொன்னார். ஆகவே உனக்கு வீடு வரவில்லை. நான் சொன்னேன் என்பது மட்டும்தான் மிச்சம்.

மாதம் பிறந்தால் மணியார்டர் வருகிறது. அதன் அடித்துண்டில் இரண்டு வரி எழுத இடம் இருக்கும். அவர் ஒன்றும் எழுதுவதில்லை. நான் கையெழுத்துப் போட்டு வாங்கித் தம்பி மனைவியிடம் கொடுத்துவிடுகிறேன். அழுகை வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும்.

ஞானபாக்கியம்


திருவொற்றியூர்
28-11-1943

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் அரக்கோணம் போய் இங்கே திரும்பி வந்தது. பதில் தாமதம், மன்னியுங்கள்.

கடிதத்தை என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். “அந்தம்மாவா? ஆம்பளைங்க முன்னாடியா?” என்று இரண்டு முறை கேட்டார். பிறகு சோறு போடச் சொன்னார். சட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தார்.

எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை அக்கா. வீடு இடிந்தது என்று படித்தபோது யாருடைய வீடோ போல் இருந்தது. நீங்கள் நாசரேத்தில் இருப்பதைப் படித்த இடத்தில்தான் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, இங்கே இன்னொரு பாய் போட இடம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

அந்த அறுநூறு ரூபாய்க்கு இராயபுரத்தில் இப்போது மாட்டுக்கொட்டகைகூட வராது. உப்பளம் பக்கம் மனை போட்டு விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இங்கே ஒரு துண்டு வாங்கினோம். பத்திரத்தை நானே வரி வரியாகப் படித்தபிறகுதான் இவரைக் கையெழுத்துப் போட விட்டேன். கீற்றுக் கொட்டகை. கதவு இன்னும் வைக்கவில்லை, சாக்குத்தான் தொங்குகிறது. தண்ணீர் உப்பு. குடிக்க அரை மைல் நடக்க வேண்டும். இவர் மறுபடி துறைமுகத்துக்குப் போகிறார். போன மாதம் ஒரு விமானம் வந்து துறைமுகத்துப் பக்கம் குண்டு போட்டதாம். நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம். காலையில் பால்காரன் சொல்லித்தான் தெரியும்.

நீங்கள் இங்கே வந்து இருக்கலாம் என்று இவர் சொல்கிறார். நானும் சொல்கிறேன். வசதி இல்லை, உங்களுக்கே தெரியும். வராவிட்டாலும் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

அரிசிக்குக் கார்டு கொடுக்கிறார்கள். ஆள் கணக்கு எழுத வந்தவரிடம் உங்களையும் சேர்த்துச் சொல்லிவிட்டோம். உங்கள் பெயரைத் தவசிமுத்து மனைவி என்று போடுவதா, உங்கள் அப்பா பெயரோடு போடுவதா என்று கேட்டார். எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார். எப்படி எழுத வேண்டும் என்று எழுதுங்கள்.

உங்கள் தங்கை
கன்னியம்மா