நடு இருக்கையில் ஒரு முனகல்

மார்ச் 4, செவ்வாய்

மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். மூன்று மணி நேரப் பயணம். தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் வைத்த கால் அசையவில்லை. வண்டியின் முகப்பில் பச்சை விளக்கு ஏறக்குறைய வழி முழுக்க எரிந்தது. அது எரிந்தால் இன்ஜினின் எட்டு சிலிண்டரில் நாலு படுத்துக்கொள்ளும், பெட்ரோல் மிச்சம். மச்சான் வெளிநாடு போகும்போது இந்த யானையை என் தலையில் கட்டினார். தீனியைக் குறைத்தது நான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி வாந்தி எடுத்தாள். வழக்கம்போல.

மார்ச் 5

இன்னும் எழுந்திருக்கவில்லை. மண்டைக்குள் ஏதோ அமுக்குகிறதாம். "அந்தப் பச்சை விளக்கு எரிஞ்சாதான் இப்படி ஆகுது" என்கிறாள். சிரித்துவிட்டேன். விளக்கு எங்காவது தலைவலி கொடுக்குமா? எல்லாம் மனசுதான் என்றேன். தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக அளவுமானிகளைச் சரிபார்ப்பவன் நான். முள் அசையாமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மகளுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. பிரசவம் வரை படுத்தே இருக்க வேண்டும், பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தை வந்து கூட இருந்தால் நல்லது என்றார் மாப்பிள்ளை. 22ஆம் தேதி கிளம்பலாம் என்றேன்.

மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "என்னால அந்த வண்டியில ஏற முடியாதுங்க. நீங்க போய் இருங்க."

நான் போய் என்ன கிழிப்பேன்? பஸ்ஸில் போகலாமென்றால், இடுப்பு அறுவைசிகிச்சைக்குப் பிறகு அவளால் காலை நீட்டாமல் உட்கார முடியாது. பெத்த பொண்ணைவிடத் தலைவலி பெரிசா என்று கத்திவிட்டேன்.

மார்ச் 10

அவள் எனக்கு முன்பே படுத்துவிட்டாள். சாப்பாடு மேசையில் மூடியிருந்தது.

மார்ச் 12

மகள் போனில் அழுதாள். "அம்மாவுக்கு எம்மேல என்னப்பா கோவம்?" கோபமெல்லாம் இல்லைம்மா என்றேன்.

மார்ச் 15, சனி

ஆயில் மாற்றப் போன இடத்தில் மெக்கானிக்கிடம் புலம்பினேன். அவன் சிரிக்கவில்லை. அக்கா எங்கே உட்காருவார்கள் என்று கேட்டான். நடு இருக்கையில், காலை நீட்டிக்கொண்டு.

"நீங்க அங்க உக்காருங்க சார். நான் ஓட்டுறேன்."

ஏழு மாதத்தில் அந்த இடத்தில் ஒருமுறைகூட நான் உட்கார்ந்ததில்லை. புறவழிச்சாலையில் தொண்ணூறு வந்தது, பச்சை எரிந்தது. உடனே ஒரு முனகல் — காதில் அல்ல, நெஞ்சுக்கூட்டில், பல்லில். அவன் வேகத்தைக் கூட்டினான். விளக்கு அணைந்தது, முனகலும் போனது. மறுபடி பச்சை, மறுபடி அது. இருபது நிமிடத்தில் எனக்கு வயிற்றைப் புரட்டியது. நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன்.

நாலு சிலிண்டர் தூங்கும்போது அப்படித்தானாம். ஓட்டுபவருக்கு அவ்வளவாகத் தெரியாதாம், அந்த அதிர்வு நடுவில்தான் வந்து தேங்குமாம்.

அந்த விளக்கு அணையக் கூடாது என்றுதானே காலை அசைக்காமல் ஓட்டினேன்! மூணு மணி நேரம், ஒவ்வொரு தடவையும். அவ கண்ணை மூடிக்கிட்டு வந்தப்பல்லாம் தூங்குறாள்னு நினைச்சேனே. சீ, நானும் ஒரு மனுஷனா?

ஸ்டியரிங்குக்குக் கீழே கட்டைவிரல் அளவு கருவி ஒன்றைச் சொருகிக் கொடுத்தான். அது இருக்கும்வரை எட்டும் விழித்திருக்கும். பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும் என்றான். குடித்துத் தொலையட்டும்.

மார்ச் 16

காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். "நீ சொன்னதுதான் சரி. நான் உன் இடத்துல உக்காந்து பாத்தேன்."

கத்தி நின்றது. "வாந்தி வந்துச்சா?"

"வரப் பாத்துச்சு."

சற்று நேரம் கழித்து டீ வந்தது.

மார்ச் 22, சனி

கிளம்பினோம். விளக்கு எரியவே இல்லை. பழக்கதோஷம், கண் அங்கேயே போனது. முதல் அரை மணி நேரம் என் இருக்கையின் முதுகை இறுகப் பிடித்திருந்தாள். எப்போது விட்டாள் என்று தெரியவில்லை. பாதி வழியில் பசிக்கிறது என்றாள். இந்த வண்டியில் அவள் அப்படிச் சொன்னதே இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

மகளையும் பேத்தியையும் அழைத்து வந்தோம். மாப்பிள்ளை என் பக்கத்தில். நான் முன்பு பெருமையாகக் காட்டியிருந்த பச்சை விளக்கு எரியவே இல்லையே, வண்டியில் ஏதாவது கோளாறா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பதில் வந்தது.

"கோளாறு வண்டியில இல்ல மாப்பிள்ளை. ஓட்டுறவர்கிட்ட இருந்துச்சு. இப்ப பரவாயில்ல."

மகள் சிரித்தாள். நானும்தான். நடு இருக்கையில், பாட்டி பக்கத்தில், பேத்தி நல்ல தூக்கம். பெட்ரோல் போட ஒருமுறை நிறுத்தினேன், அப்போதும் விழிக்கவில்லை.